ஊசி வேண்டாம், பொட்டலம் கொடுங்கள்

குழந்தைக்குப் பேதி கண்டால் என்ன செய்வது என்பதில் வைத்திய உலகில் இன்று தகராறு கிடையாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஜிங்க் மாத்திரை. தாய்ப்பாலும் சோறும் நிற்கக் கூடாது. மலத்தில் ரத்தம் போனாலோ காலரா சந்தேகம் இருந்தாலோ ஒழிய ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் 2004ல் கூட்டாக வகுத்துக் கொடுத்த விதி இது. நமது சர்க்காரின் விதியும் இதுவே.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூருக்கு ஓடிவரும் தாய், திரும்பும்போது அவள் கையில் அந்தப் பொட்டலம் இருக்கிறதா?

இது சீமைச் சரக்கல்ல. 1971ல் வங்காள தேச யுத்தத்தின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து போதவில்லை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் குளுகோசையும் சோடாவையும் பீப்பாயில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று.

பின் ஏன் எழுதிக் கொடுப்பதில்லை? மருந்து விற்ற லாபம் என்றே நாம் சொல்லியிருப்போம். 2024ல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி வேறு சொல்கிறது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000க்கு மேற்பட்ட தனியார் வைத்தியர்களிடம், பேதி கண்ட பிள்ளையின் தகப்பன் போல ஆட்களை அனுப்பிச் சோதித்தார்கள். பொட்டலம் எழுதாமல் விட்டதில் லாபத்தின் பங்கு 5 சதவீதம்; கையிருப்பு இல்லாதது 6; ‘ஜனங்கள் இதை விரும்ப மாட்டார்கள்’ என்ற நினைப்பின் பங்கு 42! வந்தவர் வாய்விட்டுக் கேட்டபோது எழுதிக் கொடுத்தது வெகுவாகக் கூடிற்று.

அப்படியானால் பழி தாயின் மேலா? ஒரு நாள் கூலியை இழந்து வந்தவள் ‘உப்புத் தண்ணீருக்கா வந்தேன்?’ என்று கேட்பது இயற்கை. கரைசல் பேதியை உடனே நிறுத்தாது, உடம்பில் நீர் வற்றிப் பிள்ளை சாவதைத்தான் தடுக்கும் என்று அவளிடம் எடுத்துச் சொல்பவர் யார்?

கரைக்க நல்ல தண்ணீரும் வேண்டுமே. பட்டணத்துக்காக உறிஞ்சியதில் மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீரில் கடல் ஏறியது 1969லேயே தெரிந்த சங்கதி. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2010ல் திறக்கப்பட்டது. அதுவும் சென்னைக்காகத்தான்! உப்பேறிய கிணற்று நீரில் பொட்டலத்தைக் கரைத்தால் பிள்ளைக்கு உப்பு மிஞ்சிப் போகும்.

சங்கக் கூட்டங்களில் செய்து காட்டுங்கள், தோழர்களே: பெரிய பொட்டலம் ஒன்றுக்கு முழு ஒரு லிட்டர் குடிநீர், அரை டம்ளர் அல்ல, 24 மணி நேரம் கழிந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஜிங்க், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 10 மில்லிகிராம், மேற்பட்டதற்கு 20. பேதி நின்றாலும் 14 நாள். கண் குழிந்து, குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் அந்தக் கணமே ஆஸ்பத்திரி.

சர்க்காரிடம் நாம் கேட்பது: ஒவ்வொரு குப்பத்துக்கும் நல்ல குடிநீர், ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பொட்டலமும் ஜிங்கும் குறையாத கையிருப்பு, ஆலை ஷிப்டு விட்டும் நடவு முடிந்தும் ஜனங்கள் வீடு திரும்பும் அந்தி வேளையில் அந்த நிலையங்களின் கதவு திறந்திருக்க வேண்டும்.