சும்மா இருக்க ஓர் இடம்

ஒரு நகரத்தின் வளர்ச்சியை அளப்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுகோலை வைத்திருக்கின்றனர். மாடிகளை எண்ணுவோர் உண்டு. வாகனங்களை எண்ணுவோர் உண்டு. வந்திறங்கும் உல்லாசப் பயணிகளை எண்ணுவோரும் உண்டு. பத்திரிகைத் தொழிலின் பொருட்டுப் பல்லாண்டுகளாகக் கொழும்பு வீதிகளில் அலைந்த எனக்கு வேறோர் அளவுகோல் பழகிப்போய்விட்டது. சட்டைப்பையில் காசில்லாத ஒரு மனிதர், எவருக்கும் காரணம் சொல்லாமல், ஒரு மாலைப்பொழுதை இருந்து கழிப்பதற்கு இந்நகரில் எத்தனை இடங்கள் உள்ளன? இவ்வாறு அளந்து பார்த்தால், வானளாவ உயர்ந்துவிட்ட கொழும்பு அப்படியொன்றும் வளர்ந்த நகரமாகத் தோன்றுவதில்லை.

'சும்மா இருத்தல்' என்பதற்கு நமது வழக்கில் ஒன்றுக்கொன்று முரணான பொருள்கள் உண்டு. ஞானியர் அதனை அடைதற்கரிய நிலை என்றனர். வீட்டிலோ, ஒருவன் சும்மா இருக்கிறான் என்றால் அவன் உருப்படாதவன் என்று பொருள். பொலிஸ் நிலையத்தில் இதற்கு மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. சும்மா இருப்பவன் சந்தேகத்துக்குரியவன். இந்த மூன்றாவது பொருளுக்கு நமது நாட்டில் நீண்டதொரு வரலாறு இருக்கின்றது.

1841ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். தொழிலின்றித் திரிபவர் என்றும் ஒழுங்கீனமானவர் என்றும் கருதப்படுவோரைத் தண்டிப்பதற்கான சட்டம் அது. அதன்பின் 15 ஆண்டுகள் கழித்து, 1856இல், அதே ஆங்கிலேய அரசின் ஆளுநரான சேர் ஹென்றி வோர்ட் காலிமுகத்திடலின் கடலோரத்தில் ஒரு நடைபாதையை அமைக்கத் தொடங்கினார். 1859இல் அது நிறைவுற்றது. கொழும்பின் பெண்களதும் சிறுவர்களதும் நலன் கருதி அந்த நடைபாதையைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் ஆளுநர்களுக்குப் பரிந்துரைத்துக் கல்லிலும் பொறித்து வைத்தார். எந்தப் பெண்கள், எந்தச் சிறுவர்கள் என்று அக்கல் சொல்லவில்லை. குதிரை வண்டிகளில் காற்று வாங்க வந்த துரைசானிமார் அதனைக் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. ஒரே அரசு, ஒரு சாராருக்குச் சும்மா நடப்பதற்கு வழி அமைத்தது. மறுசாரார் சும்மா நடந்தால் பிடித்து உள்ளே போட்டது. ஓய்வு என்பது யாருக்கு உரியது என்ற கேள்வி அன்றே விடையோடு வந்து சேர்ந்துவிட்டது.

நமது ஊர்களில் இக்கேள்விக்கு வேறு விதமான விடைகள் இருந்தன. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாசலில் கூரையிட்ட சங்கடப்படலை இருந்தது. வெயிலிலோ மழையிலோ அகப்பட்ட வழிப்போக்கர், வீட்டுக்காரரின் அனுமதியை எதிர்பாராமலே அதன் திண்ணையில் குந்தியிருக்கலாம். பருத்தித்துறையில் வீதியை மூடி நிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். அதன் நடுவே போக்குவரத்து. இரு மருங்கிலும் திண்ணை. சுமையோடு நடப்பவருக்குச் சுமைதாங்கி நாட்டினர். வாய்பேசாத மாட்டுக்குக்கூட உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நாட்டினர். பின்னர் ஊருக்கு ஊர் வாசிகசாலைகள் தோன்றின. அங்கே பத்திரிகை வாசிக்க வந்தவர்களைவிட, வாசித்தவர் சொல்லக் கேட்க வந்தவர்களே அதிகம். இளைஞர்களுக்கு மதகு இருந்தது. ஊர் அரசியலில் பாதி, மதகில் பேசி முடிக்கப்பட்டது.

பழைமையைப் பாராட்டும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தத் திண்ணைகளில் எல்லோரும் சமமாக இருந்துவிடவில்லை. தேநீர்க்கடை வாங்கில் இருக்கும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டது. அவர்கள் வெளியே நின்று, வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் வடபகுதியில் கோயில்களுக்குள் நுழையவும் தேநீர்க்கடைகளில் சமமாக இருக்கவும் நடந்த போராட்டங்களில் உயிர்களும் பலியாகின. ஒரு வாங்கில் இருப்பதற்காக மனிதர் உயிரைக் கொடுப்பாரா என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அங்கே கேட்கப்பட்டது ஒரு வாங்கு மாத்திரமன்று. பொது இடத்தில் அமைதியாக இருப்பதற்கு ஒருவருக்கு இருக்கும் உரிமைதான், அவரைச் சமூகம் மனிதராக மதிக்கின்றதா என்பதற்கான அத்தாட்சி.

கொழும்பில் போர்க்காலத்தில் வாழ்ந்த தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எங்கே போகின்றாய், ஏன் இங்கே நிற்கின்றாய் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எந்நேரமும் விடை தயாராக இருக்க வேண்டும். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகின்றேன், வைத்தியசாலைக்குப் போகின்றேன் என்றால் சோதனைச்சாவடியில் விட்டுவிடுவார்கள். சும்மா காற்று வாங்க வந்தேன் என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமானது. அக்காலத்தில் இராணுவத் தலைமையகம் காலிமுகத்திடலுக்கு எதிரேதான் இருந்தது. ஆகையால் எமது இளைஞர் பலர் அந்தத் திடலைப் பஸ் யன்னலூடாக மாத்திரமே கண்டனர்.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கின்றனர் என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தம் மறந்துபோனாலும் 'தகுந்த காரணம்' என்ற சொற்றொடர் என் மனதில் தங்கிவிட்டது. தன் நாட்டின் தலைநகரில் ஒரு பிரஜை இருப்பதற்கு என்ன காரணம் வேண்டும்?

2009இல் போர் முடிந்தது. மறுவருடம் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நகரை அழகுபடுத்தும் வேலைக்குப் படையினர் வந்தனர். நடைபாதைகள் செப்பனிடப்பட்டன. மதில்கள் பல இடிக்கப்பட்டுப் பூங்காக்கள் வெளியே தெரிந்தன. நன்மையை நன்மை என்று சொல்வதில் தவறில்லை. விகாரமகாதேவி பூங்காவிலும் சுதந்திர சதுக்கத்திலும் மாலையில் நடக்கும் குடும்பங்களைக் காணும்போது மனம் மகிழவே செய்கின்றது. ஆனால் அதே காலத்தில் கொம்பனித்தெரு போன்ற இடங்களில் சிறு வீடுகளில் வாழ்ந்தோர் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுக்கு வீட்டின் முன்னிருந்த ஒழுங்கைதான் வரவேற்பறை. கரம் விளையாட்டும், பெண்களின் மாலைப் பேச்சும், பிள்ளைகளின் பாடமும் அங்கேதான். அவர்களில் பலருக்கு மாடி வீடு கிடைத்தது. ஒழுங்கையை எவரும் மாடிக்கு ஏற்றிக் கொடுக்கவில்லை.

இன்று இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் ஆடம்பர ஹோட்டலும் பெரும் வணிக வளாகமும் நிற்கின்றன. கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் எழுகின்றது. 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து, கட்டணம் செலுத்தி, நகரைப் பார்க்கலாம். துப்பாக்கியோடு கேள்வி கேட்டவர் போய்விட்டார். ஆயினும் கேள்வி போகவில்லை. அண்மையில் நகரின் வணிக வளாகம் ஒன்றில், சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே கிடந்த ஆசனத்தில் சற்று அமர்ந்தேன். சீருடையணிந்த இளைஞர் ஒருவர் வந்து, ஏதாவது ஓடர் பண்ணப் போகின்றீர்களா சேர் என்று மிகுந்த பணிவோடு கேட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. நாள் முழுவதும் நின்றுகொண்டிருக்கும் அவருக்கே அங்கே ஒரு கதிரை கிடையாது. முன்னர் இருப்பதற்குக் காரணம் கேட்டார்கள். இப்போது பற்றுச்சீட்டுக் கேட்கின்றார்கள்.

இதனால் அதிகம் வருந்துவோர் முதியவர்கள். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிவிட்ட வீடுகளில், தனித்து வாழும் பெற்றோர் பலர் இருக்கின்றனர். எனக்குத் தெரிந்த வடமராட்சிப் பெரியவர் ஒருவர் ஐந்தாம் மாடியில் வசிக்கின்றார். மூன்று அறை, இரண்டு குளியலறை, தொலைக்காட்சி யாவும் உண்டு. "தம்பி, இஞ்ச இருக்க வீடு இருக்கு, போய் இருக்கத்தான் ஓரிடமும் இல்லை" என்றார் ஒருநாள். காலையில் கோயிலுக்குப் போகின்றார். நடை சாத்தியதும் திரும்ப வேண்டும். கீழே கடை வாசலில் நின்றால் வியாபாரத்துக்கு இடைஞ்சல். கடற்கரைக்குப் போகலாமென்றால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஊரில் படலைத் திண்ணையில் இருந்தபடியே வீதியால் போனவர்களையெல்லாம் விசாரித்துப் பழகியவர், இப்போது பல்கனியில் நின்று பஸ்களைப் பார்க்கின்றார்.

இளம் காதலர்களின் நிலையும் இதுதான். வெயிலில் குடை விரித்து அதன் மறைவில் இருக்கும் சோடிகளைப் பார்த்து நகைப்பது கொழும்பின் பழைய வழக்கம். நெருக்கமான வீட்டில் ஆறு பேரோடு வாழும் ஒருவருக்குத் தனிமை வேண்டுமென்றால் திறந்த வெளியே கதி என்பதை நகைப்போர் யோசிப்பதில்லை. பெண்கள் தனியே வந்து சும்மா இருப்பது இன்னும் அரிது. ஆண் தனித்திருந்தால் ஏதோ கவலை என்பார்கள். பெண் தனித்திருந்தால் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

எல்லாம் போக, காலிமுகத்திடல் ஒன்று இன்னும் எஞ்சியிருக்கின்றது. மாலையில் பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடைக்காரர், புல்லில் பாய் விரித்துச் சோற்றுப் பொதியைப் பிரிக்கும் முஸ்லிம் குடும்பங்கள், கடலைப் பார்த்தபடி பேசாதிருக்கும் கிழவர்கள். மூன்று மொழியும் அங்கே ஒரே காற்றில் கேட்கும். அந்தத் திடல் நமக்கு எப்போதும் நல்லிடமாக இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து அங்கே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்த தந்தை செல்வாவும் ஏனைய தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் காடையரால் தாக்கப்பட்டனர். அவர்கள் செய்த குற்றமும் அமர்ந்திருந்ததுதான்.

66 ஆண்டுகளின் பின்னர் அதே திடலில் வேறொரு கூட்டம் வந்து அமர்ந்தது. 2022 ஏப்ரலில் தொடங்கிய அரகலயவைப் பற்றி அரசியல் ரீதியாகப் பல கருத்துகள் உண்டு. எனக்குப் பெரிதாகப்பட்டது, அவர்கள் அங்கே கட்டிய சிறிய ஊர். கூடாரத்தின் கீழ் ஒரு நூலகம், திரைப்படம் காட்ட ஓரிடம், எவரும் வந்து உண்ணச் சமையல். எங்கள் வாசிகசாலையும் மடமும் தெரியாத இளைஞர்கள், அவை போன்றவற்றைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தனர். அவ்வருடம் மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கே நினைவுகூரப்பட்டுக் கஞ்சி பகிரப்பட்டது. தலைநகரின் நடுவே அப்படியொரு காட்சி நிகழுமென்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. மேடைகளிலும் மாநாடுகளிலும் கைகூடாத ஒன்று, மக்கள் பல நாட்கள் ஒரே தரையில் இருந்து பேசியதால் கைகூடியது. ஜூலை 22ஆம் திகதி அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினர். மனிதர் ஓரிடத்தில் கூடி இருப்பதன் வலிமையை, இருப்பவர்களைவிட ஆள்பவர்கள் நன்கறிவர்.

பொது இடங்களைத் திறந்துவிட்டால் குப்பை சேரும், போதைப்பொருள் வரும், பெண்களுக்குப் பாதுகாப்பிராது என்பார்கள். இவை வெறும் சாட்டுகள் அல்ல. இருந்தும், ஆளில்லாத இடமே அச்சத்துக்குரிய இடம் என்பதை நம் பாட்டிமார் அறிவர். முதியவரும் பிள்ளைகளும் வடைக்காரரும் இருக்கும் இடத்தில் தீயவர் தங்குவதற்கு அஞ்சுவர். வெளிச்சமும், சுத்தமான மலசலகூடமும், குடிநீரும் வைத்தால் காவலுக்குப் பாதி வேலை குறையும். பணம் ஈட்டாத நிலம் வீண் நிலம் என்பது மற்றொரு வாதம். அப்படியானால் வீட்டிலே முற்றமும் வீண்தான்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. வட்டாரத்துக்கு ஒரு நிழல் மரம், அதன் கீழே நான்கு வாங்குகள், முதியவர் ஏறக்கூடிய ஒரு படி, கடற்கரைக்குப் போகப் பாதுகாப்பான ஒரு கடவை. மாநகர சபைத் தேர்தல் வரும்போதெல்லாம் வீதிக்கும் வடிகாலுக்கும் வாக்குறுதி கேட்கும் நாம், இதனை ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம் கேட்டுப் பார்க்கலாம். எதற்கு என்று அவர்கள் காரணம் கேட்டால், சும்மாதான் என்று சொல்லுங்கள்.