பெற்றோரின் கடனும் பிள்ளைகளின் கடமையும்

தில்லி தீஸ் ஹஸாரி நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. பழைய தாள்கள் திணித்த பையுடன் ஒரு முதியவர். அவருக்கு அருகில், அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மகனோ மகளோ. தந்தையின் பெயரில் சில ஆண்டுகளுக்கு முன்பே கடன் வழக்குத் தொடரப்பட்டு, தீர்ப்பும் வந்துவிட்டது என்பது, வீட்டு வாசலில் அமீனா வந்து நின்ற பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரியவந்திருக்கும். தில்லியில் மட்டுமல்ல, நாட்டின் பெரும்பாலான மாவட்ட நீதிமன்றங்களிலும் இதுதான் நிலை.

இந்தக் கடன்களில் பல ஊதாரித்தனத்தால் வந்தவை அல்ல. மகளின் திருமணத்துக்கு வாங்கிய கைமாற்று, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டு, உடன் வேலை செய்தவர் கேட்டதற்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன்தாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு. கையெழுத்திட்ட நாளில் அதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

கடனைவிடப் பெரிய தீங்கு, அதை மறைப்பதுதான். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மனம் நோவார்கள், சம்பந்தி வீட்டில் தலைகுனிவு ஏற்படும் என்று எண்ணி, நீதிமன்ற அழைப்பாணையை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள் பெற்றோர். சிலர் அதை வாங்க மறுத்துவிட்டு, வாங்காவிட்டால் வழக்கே இல்லை என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. வாங்க மறுத்தாலும் அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ளும். எதிர்த் தரப்பு வராவிட்டால் ஒருதரப்புத் தீர்ப்பு வழங்கப்படும். கைமாற்று, புரோநோட்டுக் கடன்களுக்கு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் கெடு. ஆனால், தீர்ப்பாணை பெற்றுவிட்டால் அதை நிறைவேற்றிக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒரு தாளைப் பூட்டி வைத்ததன் விலை இது.

இத்தகைய செய்தி வீட்டுக்குள் வெடிக்கும்போது பிள்ளைகள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பெற்றோரைக் கடிந்துகொண்டு ஒதுங்கிவிடுவது. மற்றொன்று, கேட்ட தொகையை அப்படியே, தாங்களும் கடன் வாங்கி, அவசரமாகக் கட்டிவிடுவது. முன்னது இரக்கமின்மை, பின்னது அறியாமை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பெற்றோருடன் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் வெளியே எடுத்து, தேதிவாரியாக அடுக்குவதே அந்த வழியின் முதல் படி. தாள்கள் கிடைக்காவிட்டாலும், மின்னணு நீதிமன்றங்களுக்கான அரசு இணையதளத்தில் மாவட்டத்தையும் பெயரையும் கொடுத்து வழக்கின் நிலையைக் கட்டணமின்றி அறியலாம்.

தேதிகளில்தான் தீர்வு இருக்கிறது. ஒருதரப்புத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவைத் தீர்ப்பாணை தேதியிலிருந்து முப்பது நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாள்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் அதைப் பொறுத்துக்கொள்ளவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால், தெரிந்த பிறகும் வீணாக்கிய ஒவ்வொரு வாரமும் அந்த மனுவைப் பலவீனப்படுத்தும். வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடன் என்றால் கெடு இன்னும் நெருக்கமானது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அறுபது நாள் அறிவிப்புக்குப் பிறகு வங்கி வழக்குத் தொடராமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கலாம். அந்த நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக நாற்பத்தைந்து நாள்களே உண்டு.

வழக்கே தொடரப்படாத மிகப் பழைய கடனுக்கு யாராவது புதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் எச்சரிக்கை தேவை. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், அன்று முதல் கெடு புதிதாகத் தொடங்குகிறது. கெடு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாகிவிடும். மனசாட்சிப்படி கட்ட விரும்புவோர் தாராளமாகக் கட்டலாம்; என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும் என்பதே இங்கு சொல்லவருவது.

தந்தையின் கடனுக்கு மகன் பொறுப்பா என்பது அடுத்த கேள்வி. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய கோட்பாட்டை மட்டுமே வைத்து மகன்மீதோ பேரன்மீதோ வழக்குத் தொடர முடியாது என்று, 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வரையறுத்துவிட்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு இது பொருந்தும். கடனாளி இறந்துவிட்டாலும், அவர் விட்டுச்சென்ற சொத்து வாரிசுகளின் கைக்கு வந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. ஆகவே, "நீ படித்தவன், நீ கையெழுத்துப் போடு" என்று வசூலிக்க வருபவர் சொன்னால் மறுத்துவிட வேண்டும். பெற்றோருக்கு உதவுவது வேறு. பெற்றோரின் கடனுக்கு ஜாமீன்தாரராவது வேறு.

முதியவர்களை வாட்டும் மற்றொரு அச்சம் சிறை. கடனைக் கட்ட இயலாமை ஒன்றே சிறைக்குக் காரணமாகாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. வசதியிருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவருக்குத்தான் அந்த நடவடிக்கை. பணத்துக்கான தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்யவே சட்டம் அனுமதிப்பதில்லை. காசோலை திரும்பிய வழக்கு மட்டும் வேறு வகை: அது குற்ற வழக்கு, இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அதில் ஒரு நாள்கூட அலட்சியம் கூடாது.

ஜப்தியிலும் வரம்புகள் உண்டு. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டு வைத்தாலும் அந்தப் பாதுகாப்பு நீங்குவதில்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், இந்தப் பாதுகாப்பு தானாக நடந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டாது. நீதிமன்றத்தில் மனுச் செய்து, இது ஓய்வூதியப் பணம் என்று காட்டினால்தான் கிடைக்கும்.

கடன் உண்மையானது, கட்டவும் வழியுண்டு என்றால் சமரசமே சிறந்தது. மக்கள் நீதிமன்றத்தில் வட்டியைக் குறைத்துத் தவணையில் கட்ட உடன்பாடு காணலாம். அங்கு வழங்கப்படும் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்தறிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. தீர்ப்பாணைக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே கொடுக்கும் பணம் நீதிமன்றத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பெற்றவர் பதிவு செய்யாவிட்டால், கொடுத்தவர் முப்பது நாள்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. நம்பிக்கையின்பேரில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அதே தொகைக்கு மீண்டும் ஜப்தியை எதிர்கொள்ளும் நிலை நேர்வது இதனால்தான்.

கடன் கொடுத்தவரின் பக்கத்தையும் மறந்துவிடலாகாது. அவரும் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கைமாற்றாகக் கொடுத்த முதியவராக இருக்கக்கூடும். நிலம், வீடு, பணம் என்று பலவகைத் தீர்ப்பாணைகள் தொடர்பாக 8.82 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் மாவட்ட நீதிமன்றங்களில் நிலுவையில் இருப்பதாக 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டது. இத்தகைய மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் 2021-இலேயே அறிவுறுத்தியிருந்தது. சட்டம் தரும் பாதுகாப்பு இயலாதவருக்கு உரியது, ஏய்ப்பவருக்கு அல்ல. இந்த வேறுபாட்டை நீதிமன்றம் அறிய வேண்டுமானால், கடனாளி அதன் முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

அவரை வரவைப்பதில் அரசுக்கும் பங்குண்டு. அழைப்பாணை என்பது இன்றும் பெரும்பாலோருக்குப் புரியாத சட்ட மொழியில் எழுதப்பட்ட மிரட்டல் தாளாகவே இருக்கிறது. "இந்தத் தேதியில் நீங்கள் வராவிட்டால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வரக்கூடும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லையேல் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்" என்ற இரண்டு வரிகளை, வட்டார மொழியில், பெரிய எழுத்தில், ஒவ்வோர் அழைப்பாணையின் முதல் பக்கத்திலும் அச்சிடுவதற்குப் பெரும் செலவு ஆகாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி அளிக்கிறது. ஆனால், அதன் 12-வது பிரிவில் மூத்த குடிமக்கள் தனிப் பிரிவாக இல்லை. சில மாநிலங்கள் தங்கள் விதிகளில் சேர்த்திருப்பதோடு சரி. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் சட்டக் கடமை என்று 2007-இல் சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், அந்தப் பெற்றோர் நீதிமன்றத்தில் தனியே நிற்கும் நாளையும் எண்ணிப் பார்த்து இக்குறையைக் களைய வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பிள்ளைகள், "யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறீர்களா அப்பா, நீதிமன்றத்திலிருந்து ஏதாவது தாள் வந்ததா அம்மா" என்று கோபமின்றிக் கேட்க வேண்டும். கேட்கும் குரலில் குற்றச்சாட்டு இல்லை என்று தெரிந்தால்தான் அந்த அலமாரி திறக்கும்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. பெற்றோர் பட்ட கடனைத் தீர்க்க எல்லாப் பிள்ளைகளாலும் இயலாமல் போகலாம். அந்தத் தாள்களைப் படித்துப் பார்த்து, குறித்த தேதியில் அவர்களுடன் நீதிமன்றப் படியேறுவது எல்லோராலும் இயலும்.