பாரிஸில் தலை எண்ணுபவர்

‘கனவு ஆசிரியர்’ தேர்வில் முன்னிலை பெற்ற தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2024 அக்டோபரில் பாரிஸுக்கு அழைத்துப் போனது. தினமும் வகுப்பில் தலை எண்ணுகிறவர்கள். அங்கே அவர்களையும் யாராவது எண்ண வேண்டுமே!

குழுவுக்கு ஈஃபிள் கோபுரத்தைக் காட்டுவது சுலபம். 330 மீட்டர் உயரம், தானே கண்ணில் படும். ஆட்கள் பிரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு, அதுவும் மெட்ரோவில்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் கதவு திறந்தே கிடக்கும். சிப்காட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டால், நகரும் வண்டியிலும் ஓடிவந்து தொற்றிக்கொள்கிறவர்கள் உண்டு (அது ஆபத்து என்பது வேறு விஷயம்). பாரிஸ் மெட்ரோவில் ஒலி எழுந்ததும் கதவு மூடிவிடும். பாதிப் பேர் உள்ளே, மீதிப் பேர் பிளாட்பாரத்தில்!

அழைத்துப் போகிறவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: உள்ளே போய்விட்டவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். விடுபட்டவர் அடுத்த வண்டியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். இரண்டு பேருமே தேடக் கிளம்பினால் எதிரெதிர் வண்டிகளில் கடந்து போவார்கள். தலைவர் கடைசியாக ஏறினால் பிளாட்பாரத்தில் யாரும் தனியாக நிற்க மாட்டார்கள்.

ஹோட்டல் முகவரி போனில் மட்டும் இருந்தால் போதாது. பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன ஊர். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதித் தரலாம். மோனலிசாவை மட்டும் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.