நான்காம் யூனிட்டின் தவறான விடையைத் திருத்துங்கள்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கைமாறும் பைத்தான் நோட்ஸ்களில் ஒரு தவறு தொடர்ந்து அச்சேறி வருகிறது. லிஸ்ட் குளோனிங் என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு, லிஸ்ட்டை முழுவதுமாக ஸ்லைஸ் செய்தால் தனி நகல் கிடைக்கும், அதில் என்ன மாற்றினாலும் மூலம் மாறாது என்று விடை எழுதியிருக்கிறார்கள். இது அரைகுறை உண்மை. மாணவர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள், இதைத்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். இப்படி எழுதிக் கொடுப்பவர்களையும், வகுப்பில் வாசித்துவிட்டுப் போகிறவர்களையும், கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுபவர்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இது ஓரத்தில் கிடக்கும் பாடமல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில், இணைப்புக் கல்லூரிகளின் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வந்துவிடுகிறது. சிவில், மெக்கானிக்கல் மாணவர்களும் தப்ப முடியாது. அதன் நான்காம் யூனிட்டில் மியூட்டபிலிட்டி, ஏலியாசிங், குளோனிங் ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. அதே யூனிட்டில் பயிற்சி நிரலாக மாணவர் மதிப்பெண் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்தே நோட்ஸின் விடையைச் சோதிக்கலாம்.

ஒரு பெரிய லிஸ்ட். அதற்குள் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய லிஸ்ட். முதல் மாணவரின் எண்கள் 42, 67, 81. கருணை மதிப்பெண் போட்டால் தேர்ச்சி எப்படி மாறும் என்று பார்க்க, நோட்ஸ் சொன்னபடி பெரிய லிஸ்ட்டை ஸ்லைஸ் செய்து நகல் எடுக்கிறோம். நகலில் அந்த 42-ஐ 50 ஆக்குகிறோம். இப்போது மூலத்தை அச்சிட்டுப் பாருங்கள்: அங்கும் 50. உண்மையான 42 எங்கேயும் இல்லை. பிழைச் செய்தி வரவில்லை, நிரல் நிற்கவும் இல்லை. பதிவு மட்டும் சத்தமில்லாமல் அழிந்துவிட்டது.

காரணம் எளிது. ஸ்லைஸ் செய்யும்போது புதிதாக உருவாவது வெளியில் இருக்கும் பெரிய லிஸ்ட் மட்டுமே. உள்ளே இருக்கும் சிறிய லிஸ்ட்டுகள் நகலெடுக்கப்படுவதில்லை. அவை இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகள்தாம் நகலாகின்றன. ஒரு வீட்டுக்கு மாற்றுச் சாவி போட்டால் இரண்டாவது வீடு வந்துவிடுமா? எண்களும் சரங்களும் மட்டுமே உள்ள லிஸ்ட்டில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது, ஏனெனில் அவற்றை உள்ளிருந்து மாற்ற முடியாது. நோட்ஸ்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாமே 10, 20, 30 என்று இப்படிப்பட்ட லிஸ்ட்டுகள்தாம். அதனால்தான் தவறு இத்தனை காலம் பிடிபடாமல் ஓடியிருக்கிறது. மூன்று பூஜ்யங்கள் கொண்ட ஒரு வரிசையை இன்னொரு லிஸ்ட்டுக்குள் வைத்து மூன்றால் பெருக்கி ஆட்டப் பலகை செய்யும் பழக்கத்திலும் இதே கோளாறு: ஒரு கட்டத்தை மாற்றினால் மூன்று வரிசைகளிலும் மாறும்.

தெரியாது என்று சொல்லி யாரும் நழுவ முடியாது. இந்தப் பாடத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்' நூலின் இரண்டாம் பதிப்பில், 15-ஆம் அத்தியாயம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு செவ்வகத்தை மேலோட்டமாக (ஷேலோ காப்பி) நகலெடுத்தால் அதன் மூலைப்புள்ளி இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும், அதையும் தனியாக்க உள்ளடுக்குகளையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி தேவை என்று அங்கே விளக்கியிருக்கிறார். நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் செமஸ்டர் பாடத்திட்டம் கிளாஸ்களுக்குப் போகாமல் ஃபைல், மாட்யூல் என்று முடிந்துவிடுவதால் அந்த அத்தியாயத்தை யாரும் திருப்புவதில்லை. பாடத்திட்டம் வகுத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குளோனிங் என்ற தலைப்பை மட்டும் வைத்துவிட்டு, அதன் ஆபத்தான பாதியை வெளியே விட்டது அவர்கள்தாம்.

இந்த மாணவர்கள் நாளை ஓஎம்ஆர் சாலை ஐடி நிறுவனங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவார்கள். அங்கே பைத்தான் இல்லாவிட்டாலும் இதே பிரச்சினை இருக்கும். ஜாவாவில் இரு பரிமாண அரேயைக் குளோன் செய்தால் உள்வரிசைகள் பொதுவாகவே நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஸ்பிரெட் போட்டாலும் இதே கதை. அதைத் தவிர்க்க ஜேசானாக மாற்றித் திரும்ப எடுக்கும் குறுக்குவழியில் தேதிகள் வெறும் சரங்களாகிவிடும். சி பிளஸ் பிளஸ்ஸில் இன்னும் மோசம்: பாயின்டர் வழியாக நினைவகத்தைப் பெற்றுத் தானே விடுவிக்கும் கிளாஸுக்குக் காப்பி கன்ஸ்ட்ரக்டரை நாமே எழுதாமல் விட்டால் பாயின்டர் மட்டும் நகலாகி, ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவித்து நிரல் கவிழலாம்.

இதற்காக எங்கும் டீப்காப்பி போடச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் தவறுதான். மாணவர் ஆப்ஜெக்ட்டுக்குள் கல்லூரி ஆப்ஜெக்ட்டின் சுட்டி இருந்தால், ஒரு மாணவரை நகலெடுக்கப் போய் முழுக் கல்லூரியையும் இரட்டிப்பாக்கிவிடுவோம். எது தனியாக இருக்க வேண்டும், எது பொதுவாக இருக்கலாம் என்று முடிவெடுக்கும் திறன்தான் இந்தப் பாடத்தின் உயிர். அந்தத் திறனை இரண்டு வரி விடைக்குள் அடக்கி, அந்த இரண்டு வரியையும் தவறாக எழுதிக் கொடுப்பது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் இது சரிசெய்யப்பட வேண்டும். நோட்ஸ் தயாரிப்பவர்கள் அந்த விடையை நீக்கிவிட்டு, மதிப்பெண் பட்டியல் எடுத்துக்காட்டுடன் புதிதாக எழுத வேண்டும். லேப் ரெக்கார்டில் லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் வைத்து நகலெடுக்கும் பயிற்சி ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். வைவாவில் அதைக் கேளுங்கள். பல்கலைக்கழகம் நான்காம் யூனிட்டில் ஷேலோ காப்பி, டீப் காப்பி என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும். விடைத்தாள் திருத்துவோருக்குத் தரும் ஆன்சர் கீயும் மாற வேண்டும். ஸ்லைஸ் செய்தால் மேலடுக்கு மட்டுமே தனியாகும் என்று சரியாக எழுதிய மாணவருக்கு, கீயில் அப்படி இல்லை என்ற காரணத்தால் ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது.