கைமாத்தும் விதைநெல்லும்

நம் மாதக் கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "இயற்கை விவசாயம்னு போய்த்தானே சார் இலங்கை திவாலாச்சு?" நம்மவர்களும் உடனே, "அவங்க செஞ்ச விதம் தப்பு" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். முப்பது வருஷம் வங்கியில் கடன் கணக்குப் பார்த்தவனுக்கு இந்த ஒரு வரி பதில் போதவில்லை. பக்கத்து வீட்டில் நடந்த விஷயம். நம் நாடும் அதில் கை வைத்திருக்கிறது. கணக்கை முழுசாகத் திறந்து பார்த்துவிடுவோம்.

இலங்கையில் 1962 முதல் உர மானியம் இருந்து வருகிறது. இரண்டு தலைமுறை உழவர்கள் மூட்டை உரத்திலேயே பயிர் செய்து பழகியவர்கள். 2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்ச கொடுத்த வாக்குறுதி, பத்து ஆண்டுகளில் படிப்படியாக இயற்கை முறைக்கு மாறுவது. ஆனால் 2021 மே மாதம் ஒரே அரசிதழ் அறிவிப்பில் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். மக்கள் உடல்நலம் என்று காரணம் சொன்னார்கள். கூடவே உர இறக்குமதிக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலர் செலவாகிறது என்ற பேச்சும் வந்தது. கஜானாவில் டாலர் வற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை திவாலானதற்கு இயற்கை விவசாயம் காரணமில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் பிறகு கொரோனாவும் சுற்றுலா வருமானத்தை அழித்தன. அதே 2019 கடைசியில் வரிகளை வெட்டினார்கள். வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஆனால் உரத் தடை, சரிந்துகொண்டிருந்த வீட்டின் அடுப்பையும் அணைத்தது. அந்த ஆண்டு பெரும்போகத்தில் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவாக இருந்த நாடு அரிசி வாங்கும் நிலைக்கு வந்தது. இதை நாம் மறைக்கக் கூடாது.

இந்த விழுக்காடு எனக்குப் புதிதில்லை. ஓய்வு பெற்று வந்த வேகத்தில் நானும் ஒரே போகத்தில் யூரியாவை நிறுத்தியவன்தான். ஏக்கருக்கு 28 மூட்டை கண்ட வயல் 13 மூட்டைக்கு வந்து நின்றது. தக்கைப்பூண்டு மடக்கி உழுது, தொழு உரம் சேர்த்து, 22 மூட்டைக்கு ஏற மூன்று வருஷம் ஆனது. அந்த முதல் அறுவடையில் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்களுக்கு மாசமானா பென்ஷன் வந்துரும் சார். எங்களுக்கு நெல்லுதான் வரணும்." இலங்கையில் அத்தனை உழவர்களையும் பென்ஷன் இல்லாமல் என் முதல் போகத்துக்குள் தள்ளிவிட்டார்கள். நம் நாட்டிலேயே சிக்கிம் 2003-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, முழு இயற்கை மாநிலம் என்று 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது. நடுவில் பதின்மூன்று ஆண்டுகள்.

தடை போட்ட பிறகுதான் மாற்று உரத்தைத் தேடினார்கள். அதையும் வெளியில் தேடினார்கள். சீன நிறுவனம் ஒன்றிடமிருந்து 20,000 டன் இயற்கை உரம் கப்பலில் வந்தது. மாதிரியில் பயிருக்குத் தீங்கான பாக்டீரியா இருப்பதாக இலங்கை அதிகாரிகள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. கப்பலை இறக்க விடவில்லை. வங்கி பணம் கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. உடனே சீனத் தூதரகம் அந்த வங்கியையே கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில் 67 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்தார்கள். வயலுக்கு ஒரு கூடை உரம்கூட வரவில்லை.

எல்.சி. போட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். எல்.சி.யில் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை இல்லை. உயிருள்ள சரக்கை அப்படி வாங்கினால் சரக்கில் வரும் சண்டை இரண்டு அரசுகளின் சண்டையாகிவிடும். தொழு உரம் அந்தந்த ஊர் மாட்டுக் கொட்டகையில் பிறக்க வேண்டியது. கடல் தாண்டி வரவழைக்கும் பொருள் இல்லை அது.

இனி நம் நாட்டின் பங்கு. 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று, இந்திய விமானப் படையின் இரண்டு விமானங்கள் 100 டன் நானோ நைட்ரஜன் திரவ உரத்தைக் கொழும்பில் இறக்கின. அந்த மாதமே இலங்கை தடையை விலக்கியது. அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றியபோது கடன் வசதி, நாணய மாற்று, தவணை ஒத்திவைப்பு எல்லாம் சேர்த்து இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. அதில் உணவு, மருந்து போன்றவற்றுக்குப் பாரத ஸ்டேட் வங்கி மூலம் கொடுத்தது 100 கோடி டாலர். யூரியாவுக்கென்றே தனியாக 5.5 கோடி டாலர் கடன் கொடுத்து, 2022 ஜூலையில் 44,000 டன் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து என்று அறிவித்து, மே 18-ஆம் தேதி முதல் கப்பலைச் சென்னையிலிருந்து அனுப்பியது.

அப்போது நம் நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். "விஷத்தை நிறுத்தின நாட்டுக்கு நாமே விஷம் அனுப்பறோமே" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யூரியா அனுப்பியது சரி என்பதுதான் என் கருத்து. ஒரு போகம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொரு போகமும் போயிருந்தால் பட்டினி கிடந்திருப்பது கூலிக்காரர்களும் சின்ன உழவர்களும்தான். மண் தயாராக மூன்று வருஷம் ஆகும், பிள்ளைகளின் வயிறு அதுவரை காத்திருக்குமா? பசியில் இருப்பவனிடம் கொள்கை பேசுவது நம் இயக்கத்துக்கு அழகில்லை.

ஆனால் உதவி அதோடு நின்றுவிடக் கூடாது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் கஷ்டத்தில் இருந்தால் கைமாத்து கொடுப்போம். நல்ல சம்சாரியாக இருந்தால் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் சேர்த்துக் கொடுப்பார். கைமாத்து இந்த மாதச் சோற்றுக்கு. விதைநெல் கொடுத்தால்தான் மறுபடி கைமாத்து கேட்டு வர வேண்டிய அவசியம் இருக்காது. இந்தியா கொடுத்ததில் பெரும்பகுதி கைமாத்து, அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அந்த யூரியா ஒரு போகத்தில் கரைந்துவிட்டது. கடன் மட்டும் நிற்கிறது.

கைமாத்து கொடுத்தவரும் ஒன்றும் தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து கொடுக்கவில்லை. நமக்கு வேண்டிய பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாஸ்பேட்டின் மூலப்பொருளும் பெரும்பாலும் அப்படியே. யூரியா ஆலைகள் ஓட இறக்குமதி எரிவாயு வேண்டும். எங்கோ போர் மூண்டால் இங்கே மானியக் கணக்கு எகிறுகிறது. இரண்டு வீடும் ஒரே கடையில் கடன் சொல்லி வாங்குகிறது. நம் வீடு பெரியது என்பதால் கடைக்காரர் இன்னும் பொறுக்கிறார், அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது, இலங்கையின் வேளாண் வளர்ச்சிக்கு ஒரு கூட்டுப் பணிக்குழு அமைப்பதென்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 2025 ஏப்ரலில் நம் பிரதமர் அங்கே போனபோது தம்புள்ளையில் இந்திய உதவியில் கட்டிய 5,000 டன் குளிர்பதனக் கிடங்கு திறக்கப்பட்டது. நல்ல விஷயம், விளைந்தது அழுகாமல் இருக்கும். ஆனால் விளைவதற்கு மண் வேண்டும். அந்தப் பணிக்குழுவின் மேசையில் நம்மைப் போன்ற இயக்கங்கள் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும்.

முதலாவது, மாறும் காலத்துக்கான கடன். நம் அங்ககச் சான்று விதிகளே பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு மாறுகாலம் கேட்கின்றன. அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் வேலை பார்த்த காலத்தில், பயிர்க்கடன் கொடுத்தால் அறுவடையானதும் கட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. மூன்று வருஷம் பொறுக்கும் கடன், நடுவில் விளைச்சல் இழப்பை ஈடுகட்டும் ஒரு தொகை. யூரியாவுக்குக் கொடுத்த 5.5 கோடி டாலரில் ஒரு பகுதியை இப்படிக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே நன்றாக ஓடினால் அதையே இங்கேயும் கேட்கலாம்.

இரண்டாவது, உழவர் நேராக உழவரைப் பார்ப்பது. 2004 சுனாமியில் உப்பேறிய நாகை வயல்களைத் தக்கைப்பூண்டும் தொழு உரமும் போட்டு மீட்ட அனுபவம் நம்மிடம் இருக்கிறது. நம்மாழ்வார் ஐயா அந்த வேலையில் முன்னால் நின்றார். இலங்கையின் கிழக்குக் கரையும் அதே அலையில் அடிபட்டதுதான். அவர்களிடமிருந்து நாம் கற்கவும் இருக்கிறது. தென்னந்தோப்பில் கிளைரிசீடியா வளர்த்து, தழையை வெட்டி மரத்தடியில் போடுவதை அங்குள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதிகாரிகள் போய்வந்தால் அறிக்கை வரும். உழவர்கள் போய்வந்தால் அடுத்த போகத்தில் வயலில் தெரியும்.

மூன்றாவது, விதை. நம்மிடம் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார். அவர்களிடம் சுவந்தல், பச்சைப்பெருமாள், யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பன். அதற்காகப் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. பயிர்த் தொற்றுத் தடுப்புச் சோதனையும் பல்லுயிர்ச் சட்டமும் காரணத்தோடுதான் இருக்கின்றன. அந்தச் சோதனைகளைக் கடந்து, கம்பெனி கைக்குப் போகாமல், இரு நாட்டுச் சமூக விதை வங்கிகளுக்குள் விதை போய்வர அரசுகள் ஒரு வழி செய்து தர வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் யாராவது இலங்கையைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து, உங்கள் முதல் போகத்தில் எத்தனை மூட்டை குறைந்தது, அந்த வருஷம் வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு, மொத்த நிலத்தையும் மாற்றாமல் கால் ஏக்கரில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.