செத்த பிறகுதான் பலமா?

சென்ற இதழைப் படித்துவிட்டு ஊத்தங்கரைப் பக்கத்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஓசூர் அருகே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, விடுதியில் தங்கல், எப்போதாவது வீடு. கம்பெனி வண்டியில் போக வர ஆகும் நேரமெல்லாம் கைபேசியில் கதை படிக்கிறவர். அவர் விரும்பிப் படிப்பவை நகரத்தில் நடக்கும் மாயக்கதைகள்: மெட்ரோ ஓடும் ஊரில் ரத்தக்காட்டேரி, அடுக்குமாடிக் குடியிருப்பில் யட்சி, ஐ.டி. அலுவலகத்தின் லிஃப்டுக்குள் ஏதோ ஒன்று. கதைகளை அவருக்குப் பிடிக்கிறது, நாயகிகளின் விதிதான் பிடிக்கவில்லை. சாதாரணப் பெண் என்றால் காப்பாற்ற ஒருவன் வந்துவிடுகிறான். அவளுக்கே சக்தி இருந்தால், அதற்கு முன்பே அவளையோ அவள் குடும்பத்தையோ கொளுத்தியிருப்பார்கள். “உயிரோட இருக்கிறப்போ எங்களுக்கு ஒண்ணும் வராதா, செத்தாத்தான் வருமா?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இத்தனை வருடங்களாகப் பேய்ப்படம் பார்த்து வளர்ந்த நாம் இதைக் கேட்காமலே இருந்துவிட்டோம். ‘சந்திரமுகி’யில் (2005) கங்காவின் ஆவேசம் ஒரு நோய், அதைக் குணப்படுத்த ஆண் மருத்துவர் வருகிறார். ‘காஞ்சனா’வில் (2011) கொல்லப்பட்ட திருநங்கை பழிதீர்க்கத் திரும்பி வருகிறாள், அதற்கும் கதாநாயகனின் உடம்புதான் வேண்டியிருக்கிறது. ‘அரண்மனை’யிலும் (2014) கொலைக்குப் பிறகுதான் அவளுக்குக் கை ஓங்குகிறது. உயிரோடு இருந்தவரை அழுதவள், செத்ததும் கதவை உடைக்கிறாள். பழி தீர்ந்ததும் மறைந்துவிட வேண்டும். பலத்தோடு மிச்ச நாளை வாழ அவளுக்கு அனுமதி இல்லை.

இது சினிமாவோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கம் போகிற வழியெல்லாம் நடுகல் பூமி. தமிழக அரசின் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை 1972-ல் வெளியிட்ட பிறகுதான் இந்தக் கற்களின் அருமை பலருக்குத் தெரிந்தது. ஆநிரை மீட்டுச் செத்த வீரனுக்குக் கல். அவன் பெயர், ஊர், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். எடுத்தனூரில் கள்வர்களைக் கடித்த ஒரு நாய்க்கும் கல்லில் இடம் உண்டு; கோவிவன் என்ற அதன் பெயர் இன்றும் தெரிகிறது. பெண் கல்லில் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் கணவனோடு தீயில் இறங்கியிருக்க வேண்டும். நம் மாவட்டத்துச் சதிக்கற்கள் பலவற்றில், கையை உயர்த்தி நிற்கும் அந்தப் பெண் யார் என்று எழுதியே இல்லை. கட்டிகானப்பள்ளியோ காவேரிப்பட்டணமோ, எங்கே போனாலும் இந்தக் கற்களைப் பார்க்கும்போது வாசகியின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. நாயின் பெயரை வெட்ட உளி இருந்தது, அவள் பெயரை வெட்ட இல்லை.

‘லோகா’ படத்தைக் குறிப்பிட்டுத்தான் வாசகி அதிகம் எழுதியிருக்கிறார். 2025 ஆகஸ்ட் 28-ல் ஓணத்தையொட்டி வந்த மலையாளப் படம். டொமினிக் அருண் இயக்கியது, கல்யாணி பிரியதர்ஷன் நடித்தது, தமிழிலும் மொழிமாற்றி வந்தது. பழங்கதை யட்சியான கள்ளியங்காட்டு நீலியைச் சந்திரா என்ற பெயரில் இன்றைய பெங்களூருவுக்கு அழைத்து வருகிறது. ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திய படம் வசூலில் 300 கோடி ரூபாயைத் தாண்டியது. பெண்ணை நம்பிப் பணம் போட முடியாது என்று சொல்லி வந்த தயாரிப்பாளர்களுக்கு இனி அந்தச் சாக்கு இல்லை. அந்தப் படத்தை நாங்களும் ரசித்துப் பார்த்தோம். சந்திரா ஒரு கஃபேயில் இரவு வேலை செய்கிறாள். காதலுக்காக ஏங்கவில்லை, எதிர்வீட்டுப் பையன்தான் அவளைக் கண்டு நடுங்குகிறான். பெண்களை வெறுக்கும் போலீஸ் அதிகாரி வில்லன். அவன் வாயில் வைத்த ஒரு வசனம் பெங்களூருப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்ப, தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்து அதை மாற்ற ஒப்புக்கொண்டது.

ஆனாலும் வாசகியின் குறை நிற்கிறது. சந்திராவுக்குச் சக்தி வருவதற்கு முன் அவள் மக்கள் அழிக்கப்பட வேண்டியிருக்கிறது. பெங்களூருவில் அவளை நாம் பலமுறை எதிர்வீட்டுப் பையனின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அவளைப் போன்ற சக்தி படைத்தவர்களாகப் படம் அறிமுகம் செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எல்லோருக்கும் மூத்தவர் ஆண். உடன் வேலை பார்க்கும் பெண்களோடு அவள் இருப்பதோ சில நிமிடங்கள்தான். படத்தின் இரண்டாம் அத்தியாயம் அவர்களில் ஒருவனான சாத்தனின் கதை என்று அறிவித்துவிட்டார்கள். கதவைத் திறந்தவள் அவள், உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தவன் அவன்.

மேல்நாட்டில் இந்த வகைக்கு வயது அதிகம், நோயும் இதே நோய்தான். ‘பஃபி’ தொலைக்காட்சித் தொடர் (1997–2003) நாயகிக்குத் தாயும் தோழியும் கொடுத்தது. அதனால்தான் இன்றும் அதைப் பேசுகிறார்கள். பட்ரீஷியா பிரிக்ஸின் நாவல் நாயகி மெர்சி தாம்சன் கார் மெக்கானிக். கை நிறைய கிரீஸோடு வரும் அவளை நம் பக்கத்துப் பெண்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அவளையும் 2008-ல் வந்த மூன்றாவது நாவலில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். ஒரு பெண்ணின் மனத்தில் ஆழம் இருப்பதைக் காட்ட எழுத்தாளருக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லையா என்று கோபம் வருகிறது.

வேறு வழி நம்மிடமே இருக்கிறது. நீலியின் மூலக்கதை திருவாலங்காட்டை அடுத்த பழையனூருடையது. கணவன் கொன்ற பெண் பேயாகி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பழிவாங்குகிறாள். அவள் பேச்சை நம்பி, கணவன் உயிருக்குப் பிணையாக வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேர், அவன் செத்ததும் தீயில் இறங்குகிறார்கள். மண்டபம் அந்த எழுபது பேருக்கு, அவளுக்கு மிஞ்சியது கெட்ட பெயர். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சமணப் புலவர் இதே பழையனூர் நீலியை எடுத்துக்கொண்டார். முனிவர் ஒருவரை மிரட்டப் போனவள் அவரிடமே பாடம் கேட்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். அதுதான் ‘நீலகேசி’. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் அவர்கள் இடத்துக்கே தேடிப் போய் எதிர்கொள்கிறாள். அவள் முதலில் தேடிப் போவது இன்னொரு பெண்ணை, பௌத்தத் துறவி குண்டலகேசியை. தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்த்த கள்வனை முந்திக்கொண்டு தள்ளிவிட்டவள் குண்டலகேசி. செத்துப் பேயாகும் வேலையை அவள் அவனுக்கு விட்டுவிட்டாள். இரண்டு பெண்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒரு ஆணுக்காக இல்லாமல், உயிர் உண்டா இல்லையா என்று சண்டை போடும் காட்சி தமிழில் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. நீலகேசிக்கும் ஆசான் ஆண்தான், மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்த பிறகு அவளுக்காக வேறு யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. 1936-ல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த இந்தக் காப்பியத்தைத் திரைக்கதை எழுதுகிறவர்கள் ஒருமுறை புரட்டலாம்.

இன்னொன்று, இந்த மாயக்கதைகள் எல்லாம் இரவில் நடப்பவை. இரவு நம் பெண்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 66-ஆம் பிரிவில், காலை 6 முதல் இரவு 7 வரை மட்டுமே பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றது. பெண் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள்; 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நீக்கும்போது நிபந்தனையும் விதித்தது: போய்வர வண்டி வேண்டும், பாதுகாப்பு வேண்டும், இரவில் குறைந்தது 10 பெண்கள் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். நீதிமன்றத்துக்குத் தெரிந்தது கதாசிரியர்களுக்குத் தெரியவில்லை. தோல் ஜாக்கெட்டை மாட்டி அவளைத் தன்னந்தனியாகத் தெருவில் விடுகிறார்கள்.

நம் மாவட்டத்தில் இரவு அப்படி இல்லை. போச்சம்பள்ளியில் 10,000 பெண்களை வைத்தே ஸ்கூட்டர் ஆலையை நடத்துவோம் என்று 2021-ல் அறிவித்தார்கள். ஓசூரைச் சுற்றி விடுதிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. விடிவதற்கு முன்பே கம்பெனி வண்டிக்காக ரோட்டோரம் நிற்கும் பெண்களைப் பாருங்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தலையைப் பின்னிக்கொண்டிருப்பாள், ஒருத்தி நின்றபடியே தூங்குவாள், வண்டி வந்ததும் எழுப்ப ஒருத்தி இருப்பாள். 2025 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு பெண்கள் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா வைக்கப்பட்டிருந்தது தெரிந்தபோது, பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து இரவெல்லாம் போராடினார்கள். அந்த வழக்கில் கைதானவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. துரோகமும் துணையும் ஒரே கட்டடத்துக்குள், எல்லோரும் உயிரோடு, மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களாக. இதைவிடப் பெரிய கதைக்களம் எந்த மாயக்கதைக்கு வேண்டும்? அந்த விடுதியில் ஒரு யட்சி அறை எடுத்துத் தங்கியிருந்தால் என்ன செய்திருப்பாள்? வார்டனிடம் என்ன சொல்லியிருப்பாள்? ஓ.டி. பார்த்திருப்பாளா? பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு அவள் யார் என்று தெரிந்திருக்குமா, தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருப்பாளா?

அடுத்த இதழின் பாதியை இப்படிப்பட்ட கதைகளுக்கு ஒதுக்குகிறோம். நிபந்தனை இரண்டுதான். கதை தொடங்கும்போது நாயகி செத்திருக்கக் கூடாது, நடுவிலும் அவளைக் கொன்று பலம் ஏற்றக் கூடாது. அவளுக்குப் பெயரோடு ஒரு தோழியாவது இருக்க வேண்டும். நோட்டுத் தாளில் எழுதி அனுப்பினாலும் போதும், தட்டச்சு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடிதம் எழுதிய சகோதரிக்கு மட்டும் எட்டுப் பக்கம் எடுத்து வைத்திருக்கிறோம். ஷிப்டு மாறினாலும் லீவு கிடைக்காவிட்டாலும், மெல்ல எழுதி அனுப்பட்டும்.