மூக்கடைப்பு உங்கட குழப்படி இல்லை

"பின்னேரத்தில தலை முழுகாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

இரவு மூக்கு அடைச்சு, வாயால மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிற பிள்ளைக்கு எங்கட ஊரில் கிடைக்கிற முதல் வைத்தியம் இந்தப் பேச்சுத்தான். அடுத்தது, "ஐஸ் தண்ணி குடிச்சிருப்பாய்." அதுக்கும் அடுத்தது, "இது பரம்பரைப் பீனிசம், மாறாது." கிளிநொச்சியில் வளர்ந்த எனக்கு இது எல்லாம் மனப்பாடம். என்ர மூக்கு அடைக்கிறது என்ர குழப்படியால எண்டுதான் நானும் கனகாலம் நம்பியிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் படிக்கத் தொடங்கின பிறகுதான் சந்தேகம் வந்தது. அதே நான், அதே பின்னேரக் குளிப்பு, அதே குளிர்தண்ணி. அங்கே மூக்கு அடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்து என்ர கட்டிலில் சரிந்தால் அரை மணித்தியாலத்தில் ஒரு பக்கம் அடைக்கும், பிறகு மற்றப் பக்கம். விடிய எழும்பினால் மூக்குக் கடியும் தொடர் தும்மலும். தலை முழுகினது காரணம் எண்டால் யாழ்ப்பாணத்திலும் அடைக்க வேணுமே? அப்ப பிரச்சினை என்ர தலையில் இல்லை, அறையில்.

தூசி எண்டு நாங்கள் சொல்லுறதுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணிகள் இருக்கின்றன. நீளம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்குதான். எங்கட உடம்பில் இருந்து உதிர்கிற தோல் செதில்தான் அதுகளின் சாப்பாடு. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணிகள் முக்கிய காரணம் எண்டு 1964 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். உண்ணி கடிக்கிறதில்லை. அதின்ர எச்சத்தில் இருக்கிற புரதத்தைத்தான் சிலருடைய உடம்பு எதிரியாக எடுக்கிறது. ஈரப்பதனும் இளஞ்சூடும் உள்ள மெத்தையும் தலையணையும் அதுகளுக்குச் சொர்க்கம். அந்தத் தலையணையில் ஏழு மணித்தியாலம் முகத்தைப் புதைச்சுக்கொண்டு கிடக்கிறோம். படுத்தால் மூக்கின் உட்சவ்வில் இரத்தம் தேங்கி அது இன்னும் வீங்கும். இரவில் கூடுறதுக்கு இதுதான் காரணம், பனி இல்லை.

இனி எங்கட அறைக்குள் வாருங்கோ. காலபோகம் வெட்டி முடிய நெல்லு மூட்டை எங்கே அடுக்கப்படும்? படுக்கிற அறையில். நெல்லிலும் அரிசியிலும் வாழுற உண்ணி வேற சாதி, ஆனால் ஒவ்வாமை தருவதில் அதுகும் குறைஞ்சதில்லை. அலுமாரிக்கு மேலே சூட்கேஸ், அதுக்கு மேலே பழைய உடுப்பு, மூட்டை இடுக்கில் கரப்பொத்தான். வெளியே வளவு வேலியில் பாத்தீனியம். 1999 இல் வவுனியாவில் முதன்முதல் பதிவான இந்தக் களையின் மகரந்தமும் மூக்குக்கு ஆகாது. இதுகளுக்கு நடுவில், கதவையும் ஜன்னலையும் பூட்டிப்போட்டு, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி.

நுளம்புத்திரியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும். 2003 இல் வெளியான ஒரு ஆய்வில், சோதித்த திரிகளில் ஒன்று எரிந்து முடியும்போது வெளியேறும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் எண்டு கண்டார்கள். வீட்டுக்குள் ஆரும் சிகரெட் பத்தினால் சண்டை பிடிக்கிற நாங்கள், பச்சைப் பிள்ளைக்குப் பக்கத்தில் திரியைக் கொளுத்திப்போட்டு நிம்மதியாகப் படுக்கிறோம். டெங்கு இருக்கிற ஊரில் நுளம்பைச் சும்மா விடச் சொல்லவில்லை. வலை கட்டுங்கோ எண்டுதான் சொல்லுறேன். எத்தினை வீட்டில் வலை மடிச்சபடி கிடக்குது!

"வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா ஏன் வருது?" இப்படிக் கேட்கிற ஆக்களோடுதான் எனக்கு உண்மையான கோபம். இந்தக் கேள்வி போய் விழுறது அம்மாவின் தலையில். விறகுப் புகைக்குள் நிண்டு சமைக்கிறவ அவ. தும்புத்தடி பிடிச்சுக் கூட்டி, எழும்புற தூசியை முதலில் சுவாசிக்கிறவ அவ. கடைசியில் பழியும் அவவுக்கு. உண்ணி ஊத்தை வீட்டில் மட்டும் வாழுறதில்லை, பளபளப்பான வீட்டு மெத்தையிலும் வாழும்.

அந்தச் சின்ன வீட்டை அம்மாவா வரைஞ்சவ? போருக்குப் பிறகு 2012 இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசுக்குள் கட்டின வீட்டில் நெல்லுக்குத் தனி அறை எங்கே வரும்? பூச்சும் சீலிங்கும் "பிறகு பாப்பம்" எண்டு நிண்ட வீடுகள் எத்தினை? பிறகு 65,000 பொருத்து வீடுகள் எண்டு உருக்கு வீட்டுத் திட்டம் ஒண்டு வந்தது. எங்கட வெக்கைக்கும் காற்றோட்டத்துக்கும் அது பொருந்தாது எண்டு எதிர்ப்பு எழும்பி, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டுக்குள் காற்று வருமா எண்டு அப்ப சத்தமாகக் கேட்டம். அந்தக் கேள்வியை ஏன் அதோடு விட்டம்? கல்வீடு கிடைத்தால் காணும், மூச்சைப் பற்றிப் பேசுறது ஆடம்பரம் எண்டு ஆர் முடிவெடுத்தது?

ஆடம்பரம் இல்லை. இரவு நித்திரை இல்லாத பிள்ளை பகல் வகுப்பில் தூங்கும். "மொக்கு" எண்டு பட்டம் வாங்கும். மூக்கு ஒவ்வாமையைக் கவனிக்காமல் விட்டவர்களில் முட்டு வருகிற சாத்தியமும் கூட.

இன்னொரு பழக்கத்தையும் உடைக்க வேணும். பாமசியில் வாங்குற மூக்குச் சொட்டு மருந்து. விட்ட உடனே மூக்குத் திறக்கும், அற்புதம் மாதிரி. சைலோமெற்றாசொலின் வகைச் சொட்டுகளை ஐந்தாறு நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே திருப்பி அடைப்பைக் கொண்டுவரும். அடைக்க விடுவீர்கள், விட அடைக்கும். போத்தலைத் தலையணைக்குக் கீழே வைச்சுப் படுக்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நீண்டநாள் பாவிக்கக்கூடிய ஸ்பிறே வேற இருக்கிறது. அதை வைத்தியர்தான் சொல்ல வேணும். வேதுபிடிக்கிறதும் கொத்தமல்லித் தண்ணியும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், காரணத்தை அசைக்காது.

எல்லா அடைப்பும் ஒவ்வாமை இல்லை எண்டதையும் சொல்ல வேணும். எப்பவும் ஒரே பக்கம் அடைத்தால், இரத்தம் வந்தால், இழுப்பு வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கடி, தும்மல், தண்ணி மாதிரிச் சளி, வீடு மாறினால் குறையுது எண்டால் முதலில் அறையைச் சந்தேகப்படுங்கோ. தலையணை உறை, படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருக்கா 55 பாகைக்கு மேற்பட்ட சுடுதண்ணியில் தோயுங்கோ. நுளம்பு வலையையும் தோயுங்கோ. நிலத்தை ஈரத்துணியால் துடையுங்கோ. மெத்தையை வன்னி வெயிலில் போட்டு, வெளியில் வைச்சே தட்டுங்கோ. முற்றாகப் போகாது, ஆனால் குறையும். வெயில் எங்களிட்ட இலவசமாய் இருக்கிற ஒரே மருந்து. இந்த வேலையெல்லாம் திரும்பவும் அம்மாவின் தலையில் விழுந்தால், நான் எழுதினது எல்லாம் வீண். தம்பிமாரே, துணியைக் கையில் எடுங்கோ.

என்ர மெத்தையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது பஞ்சு மெத்தை. முகாமில் இருந்து மீள்குடியேறி வந்து அம்மா வாங்கின முதல் சாமான். "எறியுங்கோ" எண்டு நான் சொன்ன அண்டைக்கு அவ ஒண்டும் கதைக்கவில்லை. எனக்கும் பிறகு எறியச் சொல்ல வாய் வரவில்லை. போன விடுமுறைக்கு நானும் தம்பியும் அதைத் தூக்கி முத்தத்தில் வெயிலுக்குப் போட்டு, தட்டி, தடித்த துணியால் உறை தைச்சுப் போட்டம். அப்பாவோட வாக்குவாதப்பட்டு நெல்லு மூட்டையை விறாந்தைக்கு மாத்தினம். அண்டைக்கு இரவும் மூக்கு அடைச்சதுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் சாமத்துக்குப் பிறகு. பின்னேரம் தலை முழுகிப்போட்டுத்தான் படுத்தனான்.